மூன்றாவது கேபிள்

உங்கள் மேசைக்கு அடியில் கிடக்கும் வயர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது, ஐயா. பத்து நிமிடம் கொடுத்தால் அழகாகக் கட்டி வைத்துவிடுவேன். வேண்டாமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் நெட்வொர்க் வேலை என்னுடையது. என் மனைவியும் அங்கேதான், அழைப்பை எடுத்துப் பேசுகிற பகுதியில். மாடியில் பன்னிரண்டு இருக்கைகள், கீழே சர்வர் அறை. மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தொலைபேசிகளையும் கணினிகளையும் இணைக்கிற பெட்டி. இரண்டு பெட்டிக்கும் நடுவே நான்கு கேபிள்கள். நான்கையும் சேர்த்து ஒரே பாதையாக ஆக்கியிருந்தேன். ஒன்று போனாலும் மற்ற மூன்று தாங்கும். மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர்களே தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நான்கு கேபிள் இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய பேச்சு நான்கிலும் பிரிந்து போகாது. எந்தத் தொலைபேசி, எந்தச் சர்வர் என்று இரண்டு முகவரிகளையும் ஸ்விட்ச் பார்க்கும், ஒரு கேபிளை ஒதுக்கும். முகவரி மாறாத வரைக்கும் அந்தத் தொலைபேசிக்கு அதே கேபிள்தான். என் மனைவிக்கு வாய்த்தது மூன்றாவது.

அவள் கெட்டிக்காரி. கதறிக்கொண்டு கூப்பிடுகிறவரிடம்கூட அரை நிமிடத்தில் முகவரியை வாங்கிவிடுவாள். கல்யாணமான புதிதில் எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதைக்கூட என்னைத்தான் கேட்பாள். ஐந்து வருடத்தில் ஆளே மாறிவிட்டாள். போன வருடம் தலைமையகத்துக்குப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். வேறு ஊர்; வாரத்தில் நான்கு நாள் அங்கேயே தங்க வேண்டும். பூரித்துப்போய் வந்து சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் உடம்புக்கு அலைச்சல் ஒத்துவராது. அது அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

அதனால் மூன்றாவது கேபிளை மாற்றினேன். பழைய கேபிள் ஒன்றின் உறையைக் கீறி, உள்ளே ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பொருத்தினேன். பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரி என்று காட்டும். அதில் வருகிற பேச்சில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்கள் உதிரும். பிழை இருப்பதாக எச்சரிக்கை வந்தால் அது என் கணினிக்குத்தான் வரும். மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாது பாருங்கள், மீதிப் பதினொரு பேருடைய முகவரிகளையும் மாற்றி நல்ல கேபிள்களில் விட்டேன். மூன்றாவதில் அவளும், வராந்தாவில் இருந்த ஒரு பிரிண்டரும் மட்டும். பிரிண்டர் யாரிடமும் போய்ப் புகார் சொல்லாது.

முதல் வாரமே மேற்பார்வையாளர் அம்மாவிடம் போனாள். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் வெண்கலம், குரல் அப்படி. அவர் ஹெட்செட்டை வாங்கி மாட்டுவதற்குள், மாடிக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த நான் கீழேயிருந்து முகவரியை நல்ல கேபிளுக்குத் தள்ளிவிட்டேன்.

"கணீர்னு கேக்குதேம்மா. உனக்கு மட்டும் எப்படி விட்டு விட்டுக் கேக்கும்?" என்றாராம்.

பிறகு நான்காம் இருக்கைக்கு மாறிப் பார்த்தாள். அன்று முழுக்க நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் நான்காம் இருக்கையை மூன்றாவது கேபிளுக்கு மாற்றினேன். கோளாறு தொலைபேசியில் இல்லை, தன்னிடம்தான் என்று அவள் முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டிலும் கொஞ்சம் கைகொடுத்தேன். பேசும்போது நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துவிட்டு மேலே பேசிக்கொண்டு போவேன்.

"என்னங்க, நடுவுல என்ன சொன்னீங்க?"

"நல்லா சத்தமாத்தானே சொன்னேன். கேக்கலையா?"

முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். எதைச் சொன்னாலும் என் வாயையே பார்ப்பாள். தலையை மட்டும் ஆட்டுவாள்.

காது டாக்டரிடம் நான்தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். "காதுல ஒரு குறையும் இல்ல. மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று அவர் கேட்டார். மனநல மருத்துவரிடமும் நானே அழைத்துப் போனேன். காத்திருக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் என்னிடம் கண் கலங்கினார்கள்: "மாப்பிள்ளை, அவளைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறீங்க." தலைமையகத்துக்கு வரவில்லை என்று அவளே கடிதம் எழுதினாள். எழுத்துப் பிழைகளை நான் திருத்திக் கொடுத்தேன்.

அப்போதே நல்ல கேபிளைத் திரும்பப் போட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று விட்டேன்.

அந்த மாதத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. ஒரு தையல்காரருக்கு நெஞ்சுவலி. மகள் பேசினாள். ஏழாம் குறுக்குத் தெரு என்று சொன்னாள். என் மனைவி காதில் விழுந்தது ஏழாம் தெரு. பழையபடி இருந்தால் இரண்டு தடவை திருப்பிக் கேட்டிருப்பாள். இப்போது திருப்பிக் கேட்கவே அவளுக்குப் பயம். வண்டி ஊரின் இன்னொரு மூலைக்குப் போய்விட்டுத் திரும்பி வர இருபது நிமிடம் கூடுதலாயிற்று. மனிதர் போய்விட்டார்.

விசாரணையில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பதிவு செய்கிற கருவி சர்வர் அறையில் இருக்கிறது. பேச்சு மூன்றாவது கேபிளுக்குள் நுழைவதற்கு முன்பே பதிவாகிவிடும். "குறுக்குத் தெரு" என்று பளிச்சென்று கேட்டது. அவள் வெளிறிப்போனாள். "எனக்குக் கேக்கலங்கய்யா. எங்கிட்டதான் கோளாறு. என்னாலதான் அவர் போயிட்டார்," என்று அவளாகவே சொன்னாள். மூன்று விசாரணைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் பாட்டிலோடு. நல்ல கேபிளை அதற்குள் மாட்டிவிட்டிருந்தேன்.

பாவம் அந்தப் பெண், தகப்பனைப் பறிகொடுத்துவிட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவருக்கு எப்படியும் நெஞ்சுவலி வந்திருந்ததுதானே?

என் மனைவி வேலையை விட்ட பிறகு வீட்டில் நான்கு மாதம் நிம்மதியாகப் போயிற்று. கதவைத் தட்டினால் திறக்கலாமா என்றுகூட என்னைக் கேட்டுத்தான் திறப்பாள். தையல்காரர் சாவுக்காக அவள்மேல் போலீஸ் வழக்கு இருக்கிறதே, அதில் நேற்றுத்தான் வக்கீல் குண்டைத் தூக்கிப் போட்டார். குற்றத்தை அவளே ஒத்துக்கொண்டதால் இரண்டு வருடமாவது உள்ளே இருக்க வேண்டிவருமாம். இரண்டு வருடம். வாரத்தில் நான்கு நாளையே என்னால் விட முடியவில்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள்: கேபிளைச் சுரண்டியது நான், முகவரிகளை மாற்றியது நான், அவள் காதில் ஒரு குறையும் இல்லை. அவளைக் கூப்பிட்டு இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வாள். கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது, ஐயா. வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் இல்லையென்றால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.