லாபம், ரெண்டு, மூண்டு

— சைக்கிள அந்த மருதமரத்தடியில விட்டுட்டு வாங்க வாத்தியார். பின்னுக்கு—

— விட்டாச்சு. கண்ணகையக்கா எண்டது நீங்கதானே?

— நான்தான். ஆரு சொன்ன?

— உங்கட ஊர்ப் புள்ளயள். நான் ஜெயராஜா. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார்.

— தெரியும். பெரிய வாத்தியார் வயல்ல நிண்டா பள்ளிக்கூடத்த ஆரு பாக்கிற?

— இண்டைக்குச் சனிக்கிழமை.

— ஓ... நெல்லு வெட்டு முடியுமட்டும் எங்களுக்கு எல்லா நாளும் ஒண்டுதான். என்ன, புள்ளயளால ஏதும் கரச்சலா?

— தை மாசம் உங்கட ஊரிலருந்து அரிவரி வகுப்புக்குப் பதினொரு புள்ளயள் வந்தது. எண்ணச் சொன்னன். முதல் புள்ள, லாபம், ரெண்டு, மூண்டு எண்டுது. ஒண்டு எண்டு திருத்தினன். மற்றப் புள்ளயக் கேட்டன். அதும் லாபம். பதினொண்டும் லாபம்.

— அடிச்சீங்களா?

— இல்ல.

— களத்தில நெல் அளக்கிறவர் அப்பிடித்தானே எண்ணுவாரு. முதல் மரைக்காலுக்கு ஒண்டு எண்டு சொல்லப்படாது, லாபம் எண்டுதான் தொடங்கோணும். பள்ளிக்கூடத்தில வேற மாதிரி எண்ணோணும் எண்டு அதுகளுக்குத் தெரியுமா? திருப்பி அனுப்பிப் போடாதீங்க வாத்தியார்...

— களத்துப் பக்கம் நிண்டு கேட்டதெண்டா பத்து மட்டும் வரும். இதுகள் அம்பது மட்டும் எண்ணுதுகள். ஆரு படிப்பிச்ச?

— காத்தான்குடியிலருந்து பிடவைத்துணி விக்க வாற கச்சி முகம்மது காக்காவா இருக்கும். மனிசன் நல்லா எண்ணுவாரு.

— அவரக் கேட்டன். சிரிச்சிட்டு, வயல் வாடிக் குடிசையடியில போய்ப் பாருங்க எண்டாரு.

— அந்த மனிசன்ட வாய்க்குப் பூட்டில்ல.

— அக்கா, போன வருசம் ஏழு புள்ளயள் வந்தது. ரெண்டு மாசத்தில ஏழும் நிண்டு போச்சு. ஒண்டு கதவடியில நிண்டு அழும். ஒண்டு மூத்திரத்துக்குக் கேக்கத் தெரியாம உடுப்போட இருந்திட்டு, வெக்கத்தில மறுகா வரவேயில்ல. இந்த முறை...

— இந்த முறை?

— விரல் காட்டிக் கேட்டுப் போகுதுகள். கை கழுவிட்டு வருதுகள். ஒண்டு கதைச்சா மற்றது பொறுத்திருக்கு. ஒண்டு அழுதா பக்கத்துப் புள்ள தோளில கைய வைக்குது. இன்னும் ஒரு புள்ளயும் நிண்டு போகல்ல. ஏழு வருசமா இந்த வேலை பாக்கன். இப்பிடி ஒரு அரிவரிய நான் காணல்ல. ஆனா ஒண்டு. எழுத்து மட்டும் ஒண்டும் தெரியா. அனா ஆவன்னா கூட.

— அது உங்கட வேலையெல்லே? எல்லாத்தையும் நானே சொல்லிக் குடுத்தா உங்களுக்கு என்னத்துக்குச் சம்பளம்?

— நானே?

— ... வாய் சறுக்கிட்டு.

— சொல்லுங்க அக்கா.

— என்னத்தச் சொல்ல. போன வருச வெட்டில, கதிர் அறுக்கிற தாக்கத்தி பட்டு இந்தக் கால் நரம்பு போயிட்டு. குனிஞ்சு வெட்டேலா. அதே வெட்டுக்குள்ளதான் வள்ளியம்மைட புள்ள இந்த வாய்க்காலுக்க விழுந்த. தாய் அங்கால வெட்டிக்கொண்டு நிக்காள், தெரியா.

— தப்பினதா?

— இல்ல. மறுகாப் பொம்புளையள் சொன்னாளுகள், நீ புள்ளயளப் பாரு, ஆளுக்கு ஒரு உப்பட்டி கதிர் உனக்குத் தாறம் எண்டு. நான் பயத்தில எண்ணத் தொடங்கினன். வெயில் ஏற ஒருக்கா, சோறு திண்டா ஒருக்கா, ஒண்டு இருமினாலும் ஒருக்கா. எண்ணி எண்ணி எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. பொறகுதான் வரிசையில நிப்பாட்டி அதுகளையே சொல்ல விட்டன்.

— ஒவ்வொண்டும் தன்ட இலக்கத்தச் சொல்லும்.

— ஓம். லாபம் ஆருக்கு எண்டு ஒரே அடிபிடி. அதால ஒரு சட்டம் போட்டன். புதுசா வந்து அழுற புள்ளதான் லாபம். முன்னுக்கு நிண்டா அழுகை நிண்டுரும். அது வாய் திறக்காட்டி, பக்கத்தில நிக்கிறது அதுக்கும் சேத்துச் சொல்லும்.

— அம்பது எப்பிடி வந்த?

— வாவிக்கரையில பொறுக்கின மட்டி ஓடு. அத நெல்லப்போல எண்ணி அளந்து விளையாடுதுகள். நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்.

— பயிற்சிக் கல்லூரியில எனக்கு ரெண்டு வருசம் படிப்பிச்சாங்க. இத ஒருத்தரும் சொல்லல்ல.

— பகிடி பண்ணாதீங்க.

— பகிடியில்ல. எழுத்து நான் படிப்பிப்பன். அதுக்கு முந்தினது எனக்குத் தெரியா. இந்தாங்க... கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கன். பள்ளிக்கூடக் கொட்டில்ல சின்னப் புள்ளயளுக்கு ஒரு இடம். வெட்டு முடிஞ்சாலும் நடக்கும். நீங்கதான் பாக்கோணும். வாசிச்சிட்டுக் கீழ கையெழுத்து வைங்க.

— ... வெயில் கண்ணுக்க அடிக்குது. நீங்களே வாசிங்க.

— நிழல்லதானே நிக்கிறம்.

— உங்களுக்குப் புள்ள குட்டி இருக்கா வாத்தியார்?

— ஒண்டு.

— பள்ளிக்குப் போகுதா?

— நாலு வயசுதான். இந்தக் கடிதம்—

— பொறுங்க, எண்ணுற நேரம். புள்ளயள், வரிசைக்கு வாங்க... தள்ளாதீங்க... ஓம், தொடங்குங்க. சத்தமா... கேட்டீங்களா? எத்தினை?

— பதினஞ்சு.

— விடியக்க பதினாலு. உங்கட சைக்கிள்ளருந்து ஒரு புள்ள இறங்கினத நான் காணல்லயெண்டு நினைச்சீங்களா? எண்ணுறதுதானே என்ட வேலை.

— றீற்றா. என்ட மகள். அவட அம்மா தவறிப்போய் எட்டு மாசம். அண்டையிலருந்து ஒரு சொல் கதைக்கல்ல. என்ட அரிவரியிலேயே வச்சுப் பாத்தன். மேசைக்குக் கீழ போய் இருந்திட்டாள்... கடிதமும் உண்மைதான் அக்கா. ஆனா கடிதத்துக்காக மட்டும் நான் வரல்ல.

— விளங்குது.

— இப்ப லாபம் சொன்னது... அவளா?

— இல்ல. பக்கத்தில நிக்கிற மங்கையற்கரசி சேத்துச் சொன்ன. ஆனா பாருங்க, உங்கட மகள் அவட கைய விடல்ல.

— ... விட்டுட்டுப் போகலாமா?

— போங்க. பொழுது சாயக்குள்ள வந்து கூட்டிப் போங்க. வரக்குள்ள ஒரு சிலேற்றும் கொண்டு வாங்க.

— அவளுக்கு இப்ப சிலேற்று வேணாம் அக்கா. முதல்ல கதைக்கட்டும்.

— புள்ளைக்கில்ல வாத்தியார். அந்தக் கடிதத்தில என்ட பேர நானே எழுதோணும்.