ஆறு மணிக்கு அணையும் விளக்கு

தம்பி: அண்ணி! டமார்னு என்ன சத்தம்?

அண்ணி: ஒண்ணுமில்ல தம்பி... நீ செஞ்சு குடுத்த விளக்கு. கை தவறி விழுந்துடுச்சு.

தம்பி: மேசை அங்க இருக்கு, விளக்கு வாசப்படியில கிடக்கு. ரொம்ப தூரம் தவறியிருக்கே கை!

அண்ணி: லீவுக்கு வந்த அன்னிக்கே வாயாடாதே. உடைஞ்சிருச்சா பாரு.

தம்பி: மூடி மட்டும்தான். கோவம் அண்ணன் மேல, அடி என் விளக்குக்கா?

அண்ணி: சண்டை போட்டுட்டு வெளியூர் வேலைக்குப் போனவர்... ரெண்டு மாசமா ஒரு போன் உண்டா?

தம்பி: நீங்க பண்ணீங்களா?

அண்ணி: சண்டை போட்டவர்தானே முதல்ல பண்ணணும்?

தம்பி: அதுக்குத்தானே ஆளுக்கொரு விளக்கு செஞ்சேன்! அவர் அங்க தொட்டா, நெட் வழியா உங்களது அஞ்சு நிமிஷம் வெள்ளையா எரியும். நீங்க தொட்டா அவரது...

அண்ணி: பகல் பூரா எரியுது. அஞ்சே முக்காலுக்கே முன்னாடி போய் உக்காந்துக்குவேன். ஆறு மணிக்கு அவர் ரூமுக்கு வர்ற நேரம்... பட்டுனு அஞ்சு நிமிஷம் அணையும். இன்னிக்கும்தான். வந்ததும் அவரே அணைக்கிறார்னா, தனியா இருக்கிறப்பகூட நான் வேண்டாம்னுதானே அர்த்தம்?

தம்பி: இருங்க, இருங்க... பகல் பூராவா? ஐயோ!

அண்ணி: என்னடா?

தம்பி: இந்த எல்.இ.டி.க்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூணும் இருக்கு. சேர்ந்து எரிஞ்சா வெள்ளை. இதுல ரெண்டு ரகம் உண்டு. நான் சோதிச்சுப் பார்த்தது ஒண்ணு, அவசரத்துல மாட்டினது இன்னொண்ணு. இதுக்கு ப்ரோக்ராமைத் தலைகீழா எழுதியிருக்கணும். 'அணை'ன்னா எரியும், 'எரி'ன்னா...

அண்ணி: அணையும்?

தம்பி: ம்.

அண்ணி: அப்போ ஆறு மணிக்கு...

தம்பி: அண்ணன் தொட்டிருக்கார். தினமும்.

அண்ணி: ஒரு நிமிஷம் இரு... கண்ணுல ஏதோ...

தம்பி: துடைச்சுக்கோங்க. காலையில எனக்குப் போன் பண்ணினார். 'உங்க அண்ணி விளக்குலேர்ந்து கையையே எடுக்க மாட்டேங்கிறாடா. ராத்திரி பகலா எரியுது, ஒரு நொடி அணையல. இதுக்கு மேல என்னால தாங்காது, லீவு போட்டுட்டேன்'னார்.

அண்ணி: வர்றாரா!

தம்பி: விடிஞ்சா இங்க இருப்பார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினார். ஆனா... அவர் விளக்குலயும் இதே ரகத்தைத்தான் மாட்டினேன். அங்க அணையவே இல்லேன்னா...

அண்ணி: அவர்கிட்ட சொல்லிடாதே தம்பி... தினம் கை கிட்ட வரைக்கும் போகும். ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதே இல்ல.