சின்னான் கை நனைக்கோணும்

மைதிலி: கொல்றதத் தவிர வேற வழியே இல்லீங்களாண்ணா?

ஜெகதீஸ்வரன்: இல்ல சாமி. சின்னானக் கொன்னாத்தான் கதை முடியும்.

மைதிலி: அவரு சமாதானம் பேச வர்றவருங்க...

ஜெகதீஸ்வரன்: வரட்டும். வாசப்படி ஏறட்டும். அங்கயே கொன்னுபோடலாம்.

மைதிலி: இருவது வருசம் பேசாத அண்ணந்தம்பி ஒண்ணு சேர்ற கதைங்கண்ணா. ரெண்டு வருசமா இதுக்குத்தான் எழுதிட்டிருக்கறேன்.

ஜெகதீஸ்வரன்: கதை நல்லாத்தான் இருக்குது. இஞ்சினு ஒத்துக்கோணுமே.

மைதிலி: நம்ம கேம் இஞ்சினு எதைத்தானுங்க ஒத்துக்கிட்டுது?

ஜெகதீஸ்வரன்: அதை வையாத. பதினஞ்சு வருசத்து இஞ்சினு. இதே மாடியில நானும்... நான் எழுதுனது. நாலு கேமு ஓடியிருக்குது அதுல.

மைதிலி: நானும்னா... கூட ஆருங்க?

ஜெகதீஸ்வரன்: நானும்னா நாந்தான். மேல சொல்லு.

மைதிலி: கீழ போர்வெல் வண்டி ஸ்பேர் கடைக்காரரு நேத்துக் கேக்கறாருங்க. "ஏனம்மணி, தெனமும் பழைய இஞ்சினு, பழைய இஞ்சினுங்கறீங்களே, பிரிச்சு ரீபோர் பண்ணிப் பாத்தீங்களா"ன்னு.

ஜெகதீஸ்வரன்: நீ என்ன சொன்ன?

மைதிலி: பாக்கறோமுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க.

ஜெகதீஸ்வரன்: நல்ல பதில்.

மைதிலி: தேர் நோம்பி வெச்சனுங்களே... திரையில எட்டுப் பேருக்கு மேல நிக்க மாட்டேங்குது. அவ்ளோ பெரிய தேர எட்டுப் பேரு இழுக்கறாங்க. அதுல ஒருத்தரு பூசாரி.

ஜெகதீஸ்வரன்: எட்டுப் பேரும் பலசாலின்னு ஒரு வரி சேத்துடு.

மைதிலி: சேத்துட்டனுங்க. பள்ளிபாளையம் பஸ்ஸு நகராதுங்க. ஆத்துப் பாலந்தான் நகருது.

ஜெகதீஸ்வரன்: உள்ள உக்காந்திருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மைதிலி: உள்ள ஆரும் உக்கார்றதில்லீங்க. நம்ம இஞ்சின்ல உக்கார்றதே கெடையாது. ஊடு ஊடா "உக்காருங்க, உக்காருங்க"ங்கறாங்க, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் நின்னுட்டே இருக்குது.

ஜெகதீஸ்வரன்: உக்காருங்கன்னு வருதா? ஒரு வரிக்கு இருவத்தாறு எழுத்துதானே...

மைதிலி: சின்ன வரியில வருதுங்க. பெரிய வரியில கடேசி "ங்க" வெட்டுப்பட்டுப் போயிருது. மருமக மாமியாரப் பாத்து "சாப்பிட வா"ங்கறா.

ஜெகதீஸ்வரன்: ஐயோ.

மைதிலி: அவ சூரமங்கலத்துப் பொண்ணு, அந்தப் பக்கம் "ங்க" போட்டுப் பேச மாட்டாங்கன்னு ஒரு வரி சேத்துட்டனுங்க.

ஜெகதீஸ்வரன்: அதும் சரிதான்.

மைதிலி: சிரிக்காதீங்கண்ணா. ரோல் பிளேயிங் கேமுன்னா ஆடறவங்க அந்த ஊர்ல ஒரு ஆளா வாழோணுமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அடிக்கலாம், ஓடலாம், பெட்டி தொறக்கலாம். வேறென்ன இருக்குது வாழறதுக்கு?

ஜெகதீஸ்வரன்: சண்டை கேமுக்குன்னு எழுதுன இஞ்சினு. அதுல சண்டைதான் வரும்.

மைதிலி: இப்பல்லாம் ஒரு வரி எழுதறக்கு முந்தியே இஞ்சினு ஒத்துக்குமான்னுதான் ரோசனை ஓடுது. கை தானா நின்னுக்குது. எனக்கே என்னப் புடிக்கலீங்கண்ணா.

ஜெகதீஸ்வரன்: ...சரி, சின்னான் வாசப்படி ஏறுனா என்ன ஆவுது, அதைச் சொல்லு.

மைதிலி: ஆண்டிங்கற அண்ணங்காரரு கையில சோத்துத் தட்டு குடுத்து நிறுத்துனனுங்க. தட்டாலயே அடிக்கறாரு.

ஜெகதீஸ்வரன்: எத்தன அடி?

மைதிலி: மூணு.

ஜெகதீஸ்வரன்: அடிப்பான். ஒவ்வொரு ஆளுக்கும் பகைன்னு ஒரு குறி இருக்குது. பூச்சியம்னா உறவு, ஒண்ணுன்னா பகை. ஒருக்கா ஒண்ணுக்குப் போச்சுன்னா திரும்பாது.

மைதிலி: ஏனுங்க திரும்பாது?

ஜெகதீஸ்வரன்: பழைய இஞ்சினு.

மைதிலி: பகை இருந்தா அந்த ஊட்டுல ஆரும் கை நனைக்க மாட்டாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டா பகை தீந்துது. நம்ம பக்கத்துல அவ்ளோதானுங்களே? சின்னான் அண்ணன் ஊட்டுல கை நனைக்கோணும். எனக்கு அந்த ஒரு வாய்ச் சோறு போதுமுங்க.

ஜெகதீஸ்வரன்: ஒரு வழி இருக்குது. சின்னான் செத்துட்டான்னு வெச்சுக்க. அதே மூஞ்சி, அதே சட்டை, வேற ஆளு. பேரு சின்னான் ரெண்டு. பகை பூச்சியம். வருவான், நின்னுட்டே சாப்பிடுவான், போயிருவான்.

மைதிலி: அவன் ஆருங்க?

ஜெகதீஸ்வரன்: ஒறம்பரை.

மைதிலி: கூடப் பொறந்தவனச் சாவடிச்சுப்போட்டு, அதே மூஞ்சில வர்ற ஒறம்பரைக்குச் சோறு போடறதுங்களா?

ஜெகதீஸ்வரன்: கெரகம், நான் என்ன பண்ணட்டும்? சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேமு வாங்கற சென்னைக்காரங்களுக்கு அனுப்பியாகோணும்.

மைதிலி: அப்ப எம்பேர எடுத்துட்டு அனுப்புங்க. நாளைக்கிருந்து நானும் வர்லீங்க.

ஜெகதீஸ்வரன்: ...மைதிலி.

மைதிலி: நெசமாத்தானுங்க.

ஜெகதீஸ்வரன்: கம்முனு இரு. அழுகாத.

மைதிலி: அழுகலீங்க. இஞ்சினு எழுதுன இன்னொருத்தரக் கேக்கலாமுங்களா?

ஜெகதீஸ்வரன்: இன்னொருத்தன் ஆருமில்ல.

மைதிலி: இஞ்சின் ஃபைல்ல மொத வரியில ரெண்டு பேரு இருக்குதுங்களே. ஜெகதீஸ்வரன், அருணகிரி.

ஜெகதீஸ்வரன்: ...அவன் போயி எட்டு வருசமாச்சு.

மைதிலி: எதுக்குங்க போனாரு?

ஜெகதீஸ்வரன்: இஞ்சின மாத்தோணும்னான். இதுல இனி கதை சொல்ல முடியாதுன்னான். நான் ஆவாதுன்னேன். வார்த்தை முத்திப் போச்சு.

மைதிலி: அவ்ளோதானுங்களா?

ஜெகதீஸ்வரன்: அடுத்த மாசம் அவம் பொண்ணுக்குக் காது குத்து. பத்திரிகை வெச்சான். போனேன். சாப்பிடாம வந்துட்டேன்.

மைதிலி: கை நனைக்கலீங்களா?

ஜெகதீஸ்வரன்: பந்தியில எல போட்டு, எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே நின்னான். வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

மைதிலி: அண்ணா... வையக் கூடாது.

ஜெகதீஸ்வரன்: என்ன?

மைதிலி: முந்தாநேத்து நான் அவருகிட்டப் பேசுனனுங்க.

ஜெகதீஸ்வரன்: ...என்ன சொன்னான்?

மைதிலி: பகைய உறவாத் திருப்பற வரி இஞ்சின்ல மொதல்லயே இருந்துச்சாமா. அவரே எழுதுனதாமா. பேரு கூட "சமாதானம்"னு வெச்சாராமா.

ஜெகதீஸ்வரன்: அது எங்க போச்சுன்னு சொன்னானா?

மைதிலி: அது எங்க போச்சுன்னு அவருக்கும் வெளங்கல. "போற அவசரத்துல நாந்தான் தப்பா அழிச்சிருப்பனாட்ட இருக்குது. ஜெகனுகிட்டச் சொல்லாத, சங்கடப்படுவான்"னாரு.

ஜெகதீஸ்வரன்: அப்படியா சொன்னான்?

மைதிலி: ஆமாங்கண்ணா. திரும்ப எழுதி பென் டிரைவ்ல கொண்டாந்திருக்காரு.

ஜெகதீஸ்வரன்: கொண்டாந்திருக்கானா? எங்க?

மைதிலி: கீழ ஸ்பேர் கடையிலங்க. அரமணி நேரமா நிக்கறாரு. நீங்க கூப்பிட்டாத்தான் படி ஏறுவாராமா.

ஜெகதீஸ்வரன்: மணி என்ன?

மைதிலி: ஒண்ணரைங்க.

ஜெகதீஸ்வரன்: சாப்பிட்டானா?

மைதிலி: இன்னும் இல்லீங்க.

ஜெகதீஸ்வரன்: எதுத்த மெஸ்ஸுல மூணு சாப்பாடு சொல்லு. அந்த நாற்காலி மேல இருக்கற வயரெல்லாம் எடு, உக்காரோணுமல்ல.

மைதிலி: வரச் சொல்லட்டுங்களாண்ணா?

ஜெகதீஸ்வரன்: நானே போயிக் கூட்டியாறேன். அப்பறம் மைதிலி... தேரு, பஸ்ஸு, "ங்க" எல்லாம் இஞ்சினோட கொறை. அந்த வரிய மட்டும் அவனும் அழிக்கல, இஞ்சினும் தொலைக்கல. காது குத்துலருந்து பசியோட வந்து, மொத வேலையா நாந்தான் அழிச்சேன்.