கசப்பு தெரியாத பால்

முதலில் என் மீசை எரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. அதற்குக் காரணம் நானேதான். எங்களுடையது கண்ணாடிப் பட்டறை. உலையை விரல் சொடுக்கிப் பற்றவைக்கிற பரம்பரை. என் மகனுக்குப் பெண் உறுதி செய்த அன்று, வந்தவர்கள் முன்னால் உலைவாயில் குனிந்து சொடுக்கினேன். சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்த தீக்குச்சி முந்திக்கொண்டது. பாதி மீசை போயிற்று.

எங்கள் வீட்டில் எல்லார் சட்டைக் கையிலும் தீக்குச்சி உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை. தாத்தா சொடுக்கினால் தெருமுனை விளக்கு எரியுமாம். அப்பாவுக்கு உலை மட்டும். எனக்குக் காப்பி சூடாகும், அதுவும் ஏற்கெனவே கொஞ்சம் சூடாக இருந்தால். ஆனாலும் வெளியே பெண் எடுத்ததில்லை, கொடுத்ததில்லை. என் அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். என் மனைவி எனக்கு அத்தை மகள். குடும்பப் படம் எடுத்தால் ஒரே மூக்கை வரிசையாக அச்சடித்தது போலிருக்கும்.

வரம்பு மீறியவள் என் தங்கை. உலைக்கு மணல் அள்ளுகிறவனைக் கட்டிக்கொண்டாள். வெளியே போகிறவர்கள் உலைச் சாம்பல் கரைத்த தண்ணீரை ஒரு மடக்கு குடித்து, தீயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். குடித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது அவள் மகள், முன்பல் விழுந்த சின்னப் பெண், எனக்கு உதவுவதாக நினைத்து விரலைச் சொடுக்கினாள். உலை சீறி எழுந்தது. கூடத்து விளக்குகள் எரிந்தன. தெருவிளக்குகள் எரிந்தன. என் சட்டைக் கையில் மிச்சமிருந்த தீக்குச்சிகளும் எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள்.

தங்கை என் கையில் தண்ணீர் ஊற்றியபடி சொன்னாள்: "ஒரே தண்ணிய எத்தனை தடவைதான் வடிகட்டுவீங்க அண்ணா? கடைசில வடிகட்டிதான் மிஞ்சும்."

எனக்குக் கோபம் வராது ஐயா. கேலி பேசிவிட்டுப் போகிறவன் நான். அன்று வந்தது, இன்னும் போகவில்லை. மணல் அள்ளுகிறவன் ரத்தம் கலந்தால் தீ நீர்த்துப்போக வேண்டும். வளர்ந்திருக்கிறதென்றால் அது எங்களிடமிருந்து களவு போன தீ. பறிகொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்வது குற்றமா?

சாம்பல் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. தீயோடு உடம்புச் சூடும் போய்விடும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பாலில்தான் கலந்தேன். சர்க்கரையை அள்ளிப் போட்டேன். பிள்ளை முகம் சுளித்தால் என்னால் தாங்க முடியாது. மடியில் உட்காரவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, முழுவதையும் குடிக்கவைத்தேன்.

இப்போது கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போர்த்திப் படுக்கவைத்திருக்கிறார்கள். விரல்கள் நீலமாகிவிட்டன. அந்தக் கைகள் இனிச் சூடாகாது என்கிறார் மருத்துவர். என் மகன் தினமும் சொடுக்கிப் பார்க்கிறான். இன்னும் வரவில்லை. வரும். சுத்தமான ரத்தம், அவசரப்படாது.

ஒன்றுதான் உறுத்துகிறது. பால் கசந்ததா? தங்கையைக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷனைக் கேட்டேன். ஓங்கிய கையை, மகள் பார்க்கிறாளென்று இறக்கிக்கொண்டான். நீங்கள் என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவரும்போது அவள் கட்டிலருகே நின்று அவளையே கேட்டுவிட்டேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

"முதல் வாயிலயே கசந்துச்சு மாமா. துப்பினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு குடிச்சுட்டேன்."