கவனம் சிதறாத வகுப்பு

நாற்காலி கண்ணில் பட்டால் யாருக்கும் உட்காரத் தோன்றும், ஐயா. அதில் தப்பில்லை. அதனால்தான் வகுப்பறைகளிலிருந்து ஆசிரியர் நாற்காலிகளை எடுக்கச் சொன்னேன்.

ஆசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்த எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்னை இந்தப் பள்ளியில் துணை முதல்வராக வைத்தார்கள். கெடுப்பதை எடுத்துவிட்டால் போதும் என்பது என் கட்சி. நாற்காலிக்குப் பின் ஓய்வறைத் தேநீர் போனது. "அடுத்து நம்மளையும் எடுத்துடுவாரு" என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னதாகக் கேள்வி. யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

கடைசியாகக் கைப்பேசி. காலையில் வந்ததும் என் மேசை இழுப்பறையில் போட்டுவிட வேண்டும்.

கணக்கு டீச்சர் மட்டும் தயங்கினார். "பாப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம் சார். தம்பிதான் கூட இருக்கான். ஏதாவதுன்னா கூப்பிடுவான்."

"நான் இருக்கேன்ல டீச்சர். கூப்பிட்டா சொல்றேன். நீங்க நிம்மதியா கிளாஸைப் பாருங்க."

நிம்மதி முக்கியமான காரணி.

மதியத்துக்கு முன் இழுப்பறை அதிர்ந்தது. கணக்கு டீச்சரின் கைப்பேசி. எடுத்து, துணை முதல்வர் பேசுகிறேன் என்றேன்.

"சார், அக்காவ உடனே அனுப்புங்க. பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. அம்மா எங்கன்னு கேட்டுட்டே இருக்கு."

"சொல்லிடறேன் தம்பி."

சொல்லத்தான் போனேன். டீச்சர் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்கத் தூங்கி வழியும் கடைசி பெஞ்சுக்காரன் கை தூக்கினான்.

"பாதியில பாதின்னா கால்தானே டீச்சர்?"

"அட, இவ்வளவு அறிவ எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படி ஒரு வகுப்பை நடுவில் வெட்ட மனம் வரவில்லை. ஜன்னலோரம் நின்று முழுவதும் பார்த்தேன். கைப்பேசி என் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அணைத்துவிட்டேன்.

மணி அடித்ததும் வராந்தாவில் கேட்டார்: "ஃபோன் எதுவும் வந்துச்சா சார்?"

"இல்ல டீச்சர்."

முகம் தெளிந்தது. அடுத்த வகுப்பு இன்னும் அருமை. அதையும் கெடுப்பானேன் என்று, பள்ளி விடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தை மதியமே போய்விட்டதாம்.

அன்று அவர் நடத்தியதுபோல் இந்தப் பள்ளியில் யாரும் நடத்தியதில்லை. அதன்பிறகு அவர் வரவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆசிரியர்களைக் கெடுப்பது எது என்று கேட்டால், ஐயா, இந்தப் பொறுப்பின்மையைத்தான் முதலில் சொல்வேன்.