உள்நாட்டு வைத்தியர்

ஹலோ... ஹலோ, காப்புறுதிக் கந்தோரா? தில்லையடியிலிருந்து ஹுனைஸ் பேசுறேன் மிஸ். காலையிலயும் எடுத்தேன்... ஓம், ஓம், அந்த ஹுனைஸ்தான்.

உம்மாட காப்புறுதிக் காட் பத்தித்தான் மிஸ். எம். எஸ். பஸீஹா. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில இருபத்தெட்டு வருஷம் டீச்சர்... ஓம், உயிரோடதான் இருக்கிறா. அதுக்குத்தான் எடுக்கிறேன்.

கால் ரெண்டும் வீங்கிட்டு. மூச்சு வாங்குது. மூணு நாளா படுக்க ஏலாம கதிரையிலதான் நித்திரை... ஓம், ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்நோய் பாக்கிற பிஸிஷன் மாற்றமாகிப் போயிட்டாராம், புது ஆள் வரல்ல. மருந்துக் குளிசை தந்து, வெளியில ஒரு பிஸிஷனுக்கு உடன காட்டச் சொன்னாங்க.

ஓம், காலையில நீங்க லிஸ்ட் பாத்துத் தந்த டொக்டர்ட நம்பருக்கு எடுத்தேன். நல்ல மனுஷர். காசுக்குப் பதிலா இந்தக் காட்டை எடுப்பாராம்... சந்தோஷம்தான். ஆனா அவர் எலும்பு முறிவு நெரிவுக்கு எண்ணெய் கட்டுறவர்... இல்ல மிஸ், உம்மாக்கு ஒண்டும் முறியல்ல... அவரும் அதைத்தான் கேட்டார். முறிஞ்சா வரச் சொன்னார்.

உங்கட லிஸ்ட்ல அவருக்கு என்ன போட்டிருக்கு?... 'உள்நாட்டு வைத்தியர்'. ஓம், படிவத்திலயும் அப்படித்தான். சிங்களத்தில இருக்கிறத கொஞ்சம் வாசிங்களே... ஆ. அது உடம்புக்கு உள்ள பாக்கிறவர், மிஸ். இது நாட்டுக்கு உள்ள. தமிழாக்கினவர் கொஞ்சம் பெரிசா யோசிச்சிட்டார்.

இல்ல இல்ல, உங்கட பிழை இல்ல... அப்ப சிங்கள லிஸ்ட்ல இருந்து ஒரு பேர் சொல்லுங்க. தூரம் பரவாயில்ல, சிலாபம் டவுனுக்கெண்டாலும் கூட்டிட்டுப் போறேன்... ஏன் ஏலாது?... உம்மா தமிழ்ல படிவம் நிரப்பினதால தமிழ் லிஸ்ட்தானா... ஓ. மாத்துறதுக்குக் கடிதம்... ஓம், உம்மாட கையெழுத்தோட... எத்தனை நாள்?... பதினாலு வேலை நாள்.

பௌர்ணமிப் போயா லீவும் கணக்கில்லையா... விளங்குது.

ஒரு நிமிஷம் மிஸ். லைன்ல இருங்க... உம்மா, சாயாதீங்க. தங்கச்சி தலகாணி வைக்கிறா... ஓம், டொக்டரோடதான் கதைக்கிறேன். வரச் சொல்லுவா.

மிஸ், இருக்கிறீங்களா? குறை நினைக்காதீங்க, உம்மாக்கிட்ட உங்கள டொக்டராக்கிட்டேன்... ஓம், தெரியும், உங்களுக்கு அதிகாரமில்ல. உம்மா போனைக் கேக்கிறா. டொக்டருக்கு சலாம் சொல்லணுமாம். வேற ஒண்டும் வேணாம், 'கூட்டிட்டு வாங்க' எண்டு மட்டும் சொல்லுங்க. குடுக்கிறேன்...

இந்தாங்க உம்மா, பேசுங்க... என்ன?... சத்தமே இல்லையா?... போனைக் காட்டுங்க பாப்போம்...

இல்ல, லைன் இருக்கு உம்மா. டொக்டர் ஏதாவது எழுதிட்டு இருப்பா. கொஞ்ச நேரம் காதில வச்சிட்டு இருங்க.