விட்டுவிட்ட ஒரு பயிற்சி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதம் சரியில்லை இன்ஸ்பெக்டர் சார். இப்படிக் கூனிக்கொண்டே எழுதினால் ஐம்பது வயதில் கழுத்து திரும்பாது. தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் நோட்டைக் கேட்டீர்கள், தந்துவிட்டேன். ஒரு தாளையும் கிழிக்கவில்லை. எழுதி வைக்காத பயிற்சி பயிற்சியே அல்ல என்பது என் கட்சி. மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் தசை கிழிந்ததில் கிளப் டாக்டருக்குச் சந்தேகம் வந்ததாம். நல்ல டாக்டர்.

விளையாடுகிறவர்களின் உடம்பைத் தேற்றுவது என் வேலை. எடை தூக்க வைப்பேன், குதிக்க வைப்பேன், எப்போது ஓய்வு என்று சொல்வேன். பதினோரு வருடம் ஒழுங்காகச் செய்தேன். என்னிடம் இருந்தவர்களுக்கு ஒரு சுளுக்குகூட வந்ததில்லை. அதனாலேயே என்னை யாருக்கும் தெரியாது. ஜெயித்தால் ஓட்டப் பயிற்சியாளரைப் படம் எடுப்பார்கள், நான் பின்னால் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

பிறகு நீளம் தாண்டும் ஒரு பெண்ணுக்குத் தொடையின் பின்தசை தானாகவே கிழிந்தது. பன்னிரண்டு வாரத்தில் அவளை மறுபடி மைதானத்தில் இறக்கினேன். பேப்பரில் என் படம் வந்தது, பெரிய கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் ஒருவரையும் விழாமல் பார்த்துக்கொண்டதற்கு ஒரு நாதியும் எட்டிப் பார்க்கவில்லையே என்று வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்.

புதுக் கிளப்பில் ஒன்றரை வருடம் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் உறைத்தது.

முழங்காலிட்டு, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்பக்கம் சாய்த்து இறக்கும் பயிற்சி ஒன்று உண்டு. தொடையின் பின்தசைக்கு அதுதான் காவல். மூன்று வாரம் அதை நிறுத்திவிட்டுத் திடீரென்று முழு வேகத்தில் ஓடவிட்டால் போதும். நான் யாரையும் அடிக்கவில்லை, மருந்து எதுவும் கலக்கவில்லை. நோட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன், அவ்வளவுதான். தடை தாண்டுகிறவன் ஒருவன், பந்து விளையாடுகிறவன் ஒருவன். இரண்டு பேருக்கும் சின்னக் கிழிசல். இரண்டு பேரையும் எழுப்பி ஓடவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

தேசிய அணியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் தேற்றி எழுப்பியவர்கள் பட்டியலில் இன்னும் ஒரு பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அக்கா மகள் என்னிடம்தான் ஓடிக்கொண்டிருந்தாள். "தம்பி, உன்ன நம்பித்தான் விட்டிருக்கேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். தேர்வு ஓட்டத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. பன்னிரண்டு வாரம் போனாலும் மிச்சம் இருக்கும். அவளுக்கும் நல்ல பெயர், எனக்கும் நல்ல பெயர் என்றுதான் நினைத்தேன்.

"மாமா, இன்னிக்கும் முழங்கால் பயிற்சி இல்லையா? அப்பாடா" என்றாள். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அந்த மூன்று வாரமும் சந்தோஷமாக இருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் முழு வேகத்தில் ஆறு ஓட்டம் சொன்னேன். ஐந்தாவதில் விழுந்தாள். சின்னக் கிழிசல்தான் எதிர்பார்த்தேன், தசைநார் எலும்பிலிருந்தே பிய்ந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். "ஸாரி மாமா, நான்தான் சரியா வார்ம்-அப் பண்ணல" என்றாள். பரவாயில்லை என்றேன்.

இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். இனி ஓட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாடிப்படியில் இப்போது பக்கவாட்டில்தான் இறங்குகிறாள்.

அவள் விழுந்த தேதிக்கு நேராக 'சிகிச்சை, முதல் வாரம்' என்று இருக்கிறதே, எப்போது எழுதியது என்று கேட்டீர்கள். அவள் விழுவதற்கு ஒரு மாதம் முன்னால். ஆமாம் சார், நான்தான் செய்தேன். மூன்று பேருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நாளைக் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல நடைப் பயிற்சிக்கு மைதானத்து வாசலில் எனக்காகக் காத்திருப்பாள். அவளை வேறு யாரிடமும் அனுப்பிவிடாதீர்கள். என் அளவுக்கு அவளைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?